ஆசையா, பாசமா என்று கேட்ட வீடு

“ஆசையா இருந்தா மண்ணக் கரைச்சு ஊத்தலாம். பாசமா இருந்தா அந்த ஆளத்தான் கூப்பிடணும். எதுன்னு தெரியாம என்னத்தச் செய்யிறது?”

என் மாமியார் இதைச் சொன்னபோது பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. மழை வருமா வராதா, காயப்போட்ட துணியை எடுக்கலாமா வேண்டாமா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். பக்கத்து அறையில் என் மாமனார் கட்டிலில் கிடந்தார். நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் நான் ஊட்டிய கேழ்வரகுக் கஞ்சியை விழுங்கியிருந்தார். அந்த மனிதரை எப்படி வழியனுப்புவது என்றுதான் இங்கே பேச்சு நடக்கிறது என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையிலிருந்த கிண்ணம் நழுவித் தரையில் உருண்டது.

அவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வலது கை, வலது கால், பேச்சு, எல்லாம் போயின. மதுரையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். மூக்கு வழியாகப் போட்ட குழாயை இடது கையால் அவரே பிடுங்கி எறிந்தார். மறுபடி போட்டார்கள், மறுபடியும் பிடுங்கினார். டாக்டர் எங்களைத் தனியே கூப்பிட்டு, வயதாகிவிட்டது, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். சோழவந்தானுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கே கொண்டுவந்தோம். என் கணவருக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை, நினைத்தபோது லீவு கிடைக்காது. நான் மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க். கோடை விடுமுறையோடு சேர்த்துக் கொஞ்சம் லீவு எடுக்க முடிந்தது. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆகவே பழங்காநத்தம் வீட்டைப் பூட்டிக்கொண்டு நான் போய் உட்கார்ந்தேன்.

தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்தி, பாதிக் கரண்டி மட்டும் கொடுத்து, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த பாதியைக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகும். எனக்குப் பொறுமை கிடையாது. பஸ் ஸ்டாப்பில் பஸ் தாமதமானால் டிரைவரைத் திட்டுகிற ரகம் நான். அப்படிப்பட்டவள் எப்படி உட்கார்ந்து ஊட்டினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நான் வளர்ந்த வீட்டில் அன்பு என்ற சொல்லுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. கிறிஸ்தவக் குடும்பம், அப்பா பள்ளிக்கூட வாத்தியார். காலை ஜெபத்தில் அன்பு, மாலை ஜெபத்தில் அன்பு, சித்தப்பாவுக்கு எழுதும் நாலு வரியில் அன்பு. பரீட்சையில் மார்க் குறைந்தால் பிரம்பை எடுப்பதற்கு முன்னால், “அன்பினாலதான் அடிக்கிறேன்” என்று அதற்கும் அன்பு. நேசம், வாஞ்சை, தயவு, கிருபை என்று ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாதிரி இஸ்திரி போட்டு வைத்த சொற்களும் நிறைய உண்டு. ஆசை மட்டும் ஆகாது. எங்கள் வீட்டுக் கணக்கில் ஆசைக்கும் பாவத்துக்கும் ஒரே சுவர்தான்.

இவர்கள் வீட்டில் எல்லாம் தலைகீழ். விவசாயக் குடும்பம், வெற்றிலைக் கொடிக்கால். இங்கே ஆசை என்பதுதான் நல்ல சொல். “உன்னயப் பாக்க ஆசையா வந்தேன்” என்பார்கள். “ஆசையா ஒரு சேலை எடுத்தாந்தாக” என்பார்கள். பிரியம் என்றால் மனசு இருந்தால் செய், இல்லாவிட்டால் விடு என்கிற இளக்கம். பாசம் ரத்த சம்பந்தம். அதில் பெருமையும் உண்டு, கண்ணை மறைக்கும் என்ற திட்டும் உண்டு. இரக்கம் மேலேயிருந்து கீழே விழுவது, வாங்குகிறவர்களுக்குக் கூசும். கரிசனம் பெரும்பாலும் குத்திக்காட்டத்தான், “ரொம்பத்தான் கரிசனம்” என்று. அன்பு என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதே இல்லை. அது கல்யாணப் பத்திரிகையிலும் மைக்கிலும் மட்டும்தான் வரும்.

இது தெரியாமல் கல்யாணமான புதிதில் ஒருநாள், “அத்தை, எனக்கு உங்க மேல ரொம்ப அன்பு” என்று சொல்லிவிட்டேன். மாமியார் கையில் பிடித்திருந்த முறத்தோடு அப்படியே நின்றுவிட்டார். பிறகு மகனைத் தனியே கூப்பிட்டு, “ஏண்டா, அவளுக்கு என்ன ஆச்சு? எங்கயும் போகப் போறாளா?” என்று விசாரித்தாராம். என் கணவர் அதைச் சொல்லிச் சொல்லிப் பல வருடம் சிரித்தார்.

மாமனார் என்னோடு அதிகம் பேசமாட்டார். வேற்று மதத்துப் பெண், சொல்லாமல் கொள்ளாமல் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். கல்யாணத்துக்கு வந்தார், சாப்பிட்டார், போனார். அதற்குப் பிறகு “ஏம்மா” என்று ஒரு சொல், அதோடு சரி. ஆனால் நாங்கள் வந்து திரும்பும்போதெல்லாம் என் அப்பாவுக்கென்று ஒரு கட்டு வெற்றிலை கொடுத்துவிடுவார். என் அப்பா வெற்றிலை போடுவதில்லை. அதைத் தண்ணீர் தெளித்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அது மாமனாருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை. எனக்கும் அவருக்கும் நடுவே இருந்ததெல்லாம் இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஊரில் இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களைப் பற்றி ஒரு நம்பிக்கை உண்டு. உயிரை ஏதோ ஒன்று பிடித்து வைத்திருக்கிறது. மண் மேல், பொன் மேல், ஒரு தின்பண்டத்தின் மேல் ஆசை என்றால் அதைக் கரைத்தோ உரசியோ வாயில் ஒரு சொட்டு விட வேண்டும். ஒரு ஆளின் மேல் பாசம் என்றால் அந்த ஆள் வந்து, தன் கையால் பால் ஊற்றி, போகச் சொல்லி விடை கொடுக்க வேண்டும். எதுவென்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டால் உயிர் சுலபமாகப் பிரியும். நான் அகராதியில் வைத்திருந்த சொற்களை இவர்கள் மருந்துச் சீட்டாக வைத்திருந்தார்கள்.

முதலில் மண். மாமனாரின் தம்பி கொடிக்காலில் இருந்து ஒரு பிடி மண்ணைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்தார். மாமியார் அதைத் தண்ணீரில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டினார். நான் அறை வாசலில் குறுக்கே நின்றேன்.

“இத வாய்ல ஊத்தக் கூடாது அத்தை. உள்ள கிருமி போயிரும்.”

“போகப் போறவருக்குக் கிருமி என்னம்மா பண்ணும்?” என்றார் மாமனாரின் தம்பி. கேலியாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டார்.

கடைசியில் விரலால் தொட்டு உதட்டில் மட்டும் தடவுவது என்று முடிவானது. மாமியார் தடவினார். மாமனார் நாக்கை வெளியே நீட்டி உதட்டைத் துழாவினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சப்புக் கொட்டினார், பிறகு பலமாகத் தும்மினார். “எங்க கொடிக்கா மண்ணு. அண்ணனுக்கு ருசி தெரியுது பாரு” என்று தம்பிக்காரர் தேம்பினார். சாயங்காலம் மாமனார் வழக்கத்தைவிட இரண்டு கரண்டி கஞ்சி அதிகமாகவே குடித்தார்.

“அப்ப ஆசையில்ல. பாசந்தான்” என்று முடிவு கட்டினார் மாமியார்.

அடுத்த சில நாட்கள் பால். திருமங்கலத்தில் இருந்து நாத்தனார் வந்தார், அப்பாவின் செல்ல மகள். கிண்ணத்தில் பாலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பேசினார்.

“அப்பா, நான் நல்லாருக்கேன்ப்பா. எம் பிள்ளைகளும் நல்லாருக்கு. எங்களப் பத்தி நெனச்சுக்கிட்டே கெடக்காதீகப்பா. போங்கப்பா. நிம்மதியாப் போங்க.”

எங்கள் வீட்டில் நோயாளியின் கட்டிலைச் சுற்றி முழங்காலில் நின்று, சுகத்தைத் தாரும் என்று கேட்போம். மூச்சு நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கேட்போம். யாரும் யாரிடமும் போ என்று சொன்னதில்லை. இந்தப் பெண்ணோ கண்ணீர் கொட்டக் கொட்ட, அப்பாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டே போ, போ என்கிறாள். பாசமில்லாதவள் என்றால் எனக்குப் புரிந்திருக்கும். வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அப்பாவுக்காகச் சொந்தப் புருஷனோடு சண்டை போட்டு வந்தவள் அவள். அதுதான் என்னைக் கலக்கியது.

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்தார். அவரும் கிண்ணத்தை வாங்கினார். ஒன்றும் பேசவில்லை, ஊற்றினார், எழுந்து வெளியே போய்விட்டார். வருடக்கணக்காக ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதரை யாரோ மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யார் பால் ஊற்றினாலும் மாமனாரின் தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன், மூச்சுக்குழாயில் இறங்கிவிடக் கூடாதே என்று. “கிறிஸ்தவப் பிள்ளையா இருந்தாலும் எம்புட்டுப் பொறுப்பா நிக்கிறா பாரு” என்று வந்தவர்கள் பாராட்டினார்கள். நான் அவர்களுடைய காரியத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமியாருக்குத் தோன்றியது. ஒருநாள் காலையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து மாமனாரின் வேட்டியைக் கசக்கிக்கொண்டிருந்தேன். மாமியார் வந்து பக்கத்தில் நின்றார்.

“தாயி, இன்னையிலருந்து கஞ்சி ஊத்தாத.”

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றே நினைத்தேன். “என்னத்த?”

“கஞ்சி ஊத்தாத. நிப்பாட்டிரு. அவுக யாரு மேலயும் பாசம் வச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கல. எல்லாரையும் வரச் சொல்லிப் பாத்தாச்சு. நீதான் பிடிச்சு வச்சிருக்க. கரண்டியால பிடிச்சு வச்சிருக்க.”

“அத்தை, இதுக்குப் பேரு கொலை.”

கத்திச் சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைத்தது. அவர் கோபப்படுவார், அழுவார், மகனுக்குப் போன் போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. குனிந்து வேட்டியின் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்தேன், இருவருமாகப் பிழிந்தோம்.

“பேரு என்னவோ இருந்துட்டுப் போகுது” என்றார். “நான் பாசத்துலதான் சொல்றேன்.”

என் கணவருக்குப் போன் செய்தேன். மிஷின் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “அம்மா சொன்னா யோசிச்சுத்தான் சொல்லும்” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். கொடிக்கால் வரப்பில் போய் நின்று ஆத்திரம் தீர அழுதேன். மதுரைக்காரன் பாசக்காரன், மதுரைக்காரன் பாசக்காரன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்களே, இதுதானா அந்தப் பாசம் என்று எனக்கு நானே கத்திக்கொண்டேன். அகத்தி மரங்களுக்கு நடுவே வெற்றிலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அன்றிலிருந்து கஞ்சிப் பாத்திரத்தை நானே காய்ச்சி, நானே கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, நானே காவல் இருந்தேன். மாமியாரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் விடவே பயமாக இருந்தது. அவர் அதைப் புரிந்துகொண்டு வாசலோடு நின்றார். இப்போது நினைத்தால் அதுதான் அதிகம் வலிக்கிறது.

இரண்டு மூன்று நாள் இப்படிப் போனது. ஒரு மத்தியானம் என்னைப் பின்கட்டு அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். முந்தானையை விலக்கி ரவிக்கைக் கொக்கிகளைக் கழற்றினார்.

“இதப் பாரு.”

இடது மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. தோல் சுருங்கி உள்ளே இழுத்திருந்தது, ஓரத்தில் புண். அதன் மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டிருந்தார். அந்த வாடை பல நாளாக அவர் பக்கத்தில் வரும்போது வந்ததுதான். சமையல் மஞ்சள் என்று நினைத்திருந்தேன்.

“எப்பருந்து?”

“இருக்கு, போன வருசத்துலருந்து. எங்கம்மாவுக்கும் இதே எடத்துலதான் வந்துச்சு. முடிவு என்னன்னு எனக்குத் தெரியும்.”

“ஏன் அத்தை சொல்லல? ஏன் யார்கிட்டயும் சொல்லல?”

“சொன்னா என்னையத் தூக்கிக்கிட்டு ஓடுவீக. அவுக இங்க கெடப்பாக. நான் முந்திட்டா அவுகள யாரு தொடச்சு விடுவா? மக, கட்டிக்குடுத்த வீட்டுல இருக்கிறவ. மகன், ஷிப்டுக்குப் போறவன். நீ ஆபீசுக்குப் போறவ. அவுக வாயத் தெறந்து பசிக்குதுன்னு கேக்கவா முடியும்? அதான் அவுக மொதல்ல போகட்டும்னு சாமிகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். நான் பின்னாடி எப்படியும் போயிருவேன்.”

அந்தப் பக்கத்தில் பெண்கள் சாமியிடம் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான். பூவோடும் பொட்டோடும் புருஷனுக்கு முன்னால் போய்விட வேண்டும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் அது, மஞ்சள் கயிறு மாற்றினால் அது. மாமியாரும் விளக்கேற்றித்தான் கும்பிட்டார். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் கேட்பதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். அவரோ தாலி அறுக்க வேண்டும், பொட்டு அழிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தேவாலயத்தில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு ஜெபத்தை நான் கேட்டதே இல்லை.

“எனக்கு ஆசை இல்லாம இல்ல தாயி” என்றார் கொக்கியை மாட்டிக்கொண்டே. “இன்னும் நாலு வருசம் அவுக மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்னு ஆசைதான். ஆசைய வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

“நான் பாத்துக்கிறேன் அத்தை. மாமாவ நான் பாத்துக்கிறேன்” என்றேன். அழுகையில் சொல் சரியாக வரவில்லை.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்த வீட்டில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

“எதுல பாப்ப? கடமைக்குப் பாக்குறவ ஒருநா இல்லாட்டி ஒருநா மொகத்தச் சுளிப்பா. அத அவுக பாத்துருவாக. இரக்கப்பட்டுப் பாக்குறவ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவா. அது அவுக காதுக்கு வந்துரும். நீ எதுல பாப்ப, சொல்லு.”

அன்பு என்று வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சின்ன வயதிலிருந்து வாய் ஓயாமல் சொன்ன சொல் அன்றைக்கு என்னிடமே செல்லாக் காசாகிவிட்டது. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உலையில் அரிசி போட வேண்டும் என்று போய்விட்டார்.

அவர் பேச்சைக் கேட்காமல் மறுநாளே ஆட்டோ வைத்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். டாக்டர் எங்களைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்துவிட்டது. புற்று எலும்புக்கும் கல்லீரலுக்கும் போயிருந்தது. என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அம்மா யோசித்துத்தான் சொல்லும் என்றவர், என்ன யோசித்தது என்று அறியாமலே சொல்லியிருக்கிறார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் சம்பளமில்லாத லீவு போட்டு நான் அங்கேயே இருந்தேன். அதற்குப் பிறகு எல்லாம் எதிர்ப்பக்கமாக நடந்தது. மாமியார் கரைந்துகொண்டே போனார். மாமனார் தேறிக்கொண்டே வந்தார். மே மாதத்தில் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தவர், மழை தொடங்கும்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். குழறலாக ஒன்றிரண்டு சொல் வந்தது. மாமியாரைப் பக்கத்துக் கட்டிலில் போட்டோம். இருவரும் பேசிக்கொண்டு நான் பார்க்கவில்லை. மாமியார் அவரைப் பார்க்கும்போதெல்லாம் ஏமாந்துபோனவர் முகமாக இருக்கும். இன்னும் இருக்கிறீர்களே என்ற ஏமாற்றம். அதை என் கண்ணால் பார்த்தேன், சாகும்வரை மறக்காது.

மழைக்காலம் முடிவதற்குள் மாமியார் போய்விட்டார். நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, பட்டுச் சேலை கட்டி, தலைகொள்ளாமல் பூ வைத்து வாசலில் கிடத்தினார்கள். வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் மார்பில் அடித்துக்கொண்டு, “புண்ணியவதி, நெனச்ச மாதிரியே மஞ்சக் குங்குமத்தோட போயிட்டியே, உனக்குக் குடுத்து வச்சிருக்கே” என்று அழுதார்கள். நாத்தனாரும் அதைச் சொல்லித்தான் மனசைத் தேற்றிக்கொண்டார். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இல்லை, அவர் கேட்டது இதை இல்லை, சாமி அவரை ஏமாற்றிவிட்டது என்று அத்தனை பேருக்கும் நடுவே கத்தியிருப்பேன். அதற்குள் என் கணவர் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

காரியமெல்லாம் முடிந்து மாமனாரைப் பழங்காநத்தம் கூட்டிவந்தோம். முன்னறையில் ஜன்னலோரம் கட்டில் போட்டோம். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தேன். காலையிலும் சாயங்காலமும் நான். நான் எதில் பார்க்கிறேன் என்று தினமும் என்னையே வேவு பார்த்தேன். முகம் சுளிக்கிறேனா? படுக்கையை நனைத்துவிட்ட அன்றைக்குச் சுளித்தேன். சர்ச்சில் யாராவது, “மாமனாரை இவ்வளவு நல்லாப் பாத்துக்கிறீங்களே” என்றால் குளிர்ந்துபோகிறேனா? போனேன். மாமியார் என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறார் என்று பட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமனார் வாயைத் திறக்க மறுத்தார். கரண்டியைக் கொண்டுபோனேன், உதட்டை இறுக மூடிக்கொண்டார். சரி, பசியில்லை என்று விட்டேன். மத்தியானமும் அப்படியே. மறுநாளும் அப்படியே. காய்ச்சல் இல்லை, தொண்டையில் புண் இல்லை. என் கணவர் கெஞ்சினார், நாத்தனார் போனில் அழுதார். இடது கையால் கிண்ணத்தை மெதுவாகத் தள்ளிவிட்டார். அதில் கோபமே இல்லை, விருந்தாளி போதும் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நான் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டுக் கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கணவர் வேலைக்குப் போயிருந்தார்.

“மாமா, ஏன் இப்படிப் பண்றீங்க? என்ன வேணும் உங்களுக்கு?”

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சின் இடப்பக்கத்தில், மாமியாருக்குக் கட்டி இருந்த அதே இடத்தில் வைத்தார்.

“தெரியும்” என்றார். “எனக்கு… மொதல்லயே… தெரியும்.”

“அவ மறைச்சா. நானுங் கேக்கல.” ஒவ்வொரு சொல்லுக்கும் வாய் ஒரு பக்கமாக இழுத்தது, எச்சில் வழிந்தது. நான் துடைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன். “அவ… ஒத்தையில… போயிரக் கூடாதுன்னு… இருந்தேன். அதுக்குத்தான்… இருந்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக, “போதும்மா” என்றார்.

மண்ணைக் கரைத்துத் தடவியபோதும், மகள் போங்கப்பா என்று அழுதபோதும், துவைக்கிற கல்லில் கொலை என்று நான் கத்தியது சுவரைத் தாண்டிக் கேட்டபோதும் இந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. இவர் முன்னால் போக வேண்டும் என்று மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். அவளை அனுப்பிவிட்டுத்தான் போவேன் என்று இவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் இழுபறி நடத்தியிருக்கிறார்கள், நடுவில் நான் கரண்டியோடு நின்றிருக்கிறேன். நான் காப்பாற்றினேன் என்று இத்தனை மாதமாக உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அது மொத்தமும் அந்த நிமிடத்தில் உடைந்துபோனது.

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்பது நியாயம்தான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. எங்கிருந்து வந்தது என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. சின்னப் பிள்ளை மாதிரி, தொண்டை கிழிய, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவரிடம் கத்தினேன்.

“அப்ப நான்? நான் உங்களுக்கு யாருமில்லையா மாமா? அவுகளுக்காக அம்புட்டு நாளு இருந்தீங்கள்ல, எனக்காக ஒரு நாளு இருக்க முடியாதா?”

கத்திய பிறகு எனக்கே பயமாகிவிட்டது. என் அப்பாவிடம்கூட, என் கணவரிடம்கூட, நான் அப்படி எதையும் கேட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே பூ விற்கிற பெண் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மாமனார் கண் கொட்டாமல் என்னையே பார்த்தார். அவர் கண்ணில் நீர் நிறைந்து, இழுத்துக்கொண்ட கன்னத்தின் வழியாகக் காதுக்குள் இறங்கியது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வாயைத் திறந்தார்.

கஞ்சி ஆறி ஆடை கட்டியிருந்தது. சூடு பண்ணக்கூட எழுந்திருக்கவில்லை, அப்படியே ஊட்டினேன்.